தூளியின் அடித்துணி

1. மூட்டைமேல் உட்கார்ந்தவள்

காலையில் ஷெட்டைத் திறக்கப் போனபோது வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். நிறைமாத வயிறு, வீங்கிய கால், அழுது முடித்த முகம். நான் பூட்டைத் திறந்ததும் என்னை இடித்துத் தள்ளாத குறையாக உள்ளே நுழைந்தாள். சுவரோரம் அடுக்கியிருந்த பழைய துணி மூட்டைகளில் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரும்மா நீ? இன்னா வேணும்?"

"எங்கம்மா பொடவ வேணும்க்கா. மாம்பழக் கலரு, அரக்கு பார்டரு. பாத்திரக்காரரு எடுத்தாந்து இங்கதான் போட்டாராம். அத எடுத்துக் குடுத்துடுங்க, நான் போயிடறேன்."

எடுத்துக் கொடுக்கலாம், இருந்தால். எங்கள் ஷெட்டுக்குள் நுழைந்த புடவை புடவையாகவே கிடப்பது அபூர்வம். அதுவும் அந்த வாரம் மஞ்சள் சாயலில் இருந்த எல்லாப் புடவையையும் வெட்டித் தள்ளியிருந்தேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "மொதல்ல கொஞ்சம் தண்ணி குடி" என்றேன்.

"வேணாம்க்கா. பொடவ கெடைக்கற வரைக்கும் ஒண்ணும் வேணாம்."

அவள் பெயர் செல்வி. வேங்கிக்காலைத் தாண்டி உள்ளே போகும் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். அன்று அவளை அந்த மூட்டையிலிருந்து எழுப்ப நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தையல் பயிற்சிக்கு வரும் பெண்கள் இப்போதெல்லாம் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "பழைய துணில இன்னா இன்னா பண்ணலாம் மேடம்?" பை, கால்மிதி, தலையணை உறை என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறார்கள். எழுதிக்கொள்ளட்டும். எனக்குத்தான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. செல்வி விஷயத்தை மட்டும் அவர்களிடம் முழுசாகச் சொன்னதில்லை.

2. துணி முதலில் எங்கே சாகும்

இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். பிளவுஸ் தைப்பவளுக்கு மனுஷர்களோடு மல்லுக்கட்டியே ஆயுள் போய்விடும். அவர்கள் உடம்பு பெருத்தால் நான் இறுக்கமாகத் தைத்துவிட்டேன், இளைத்தால் தொளதொளவென்று தைத்துவிட்டேன். அலுத்துப் போயிருந்த சமயத்தில்தான் ராஜவேலு முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். அது தொண்ணூறுகளின் தொடக்கம்.

அவர் டவுனில் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருந்தவர். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா ஒருநாள் கடைக்கு வந்திருக்கிறார். எடுத்துப் போட்ட புதுப் புடவைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கல்லாவைத் துடைக்க வைத்திருந்த பழைய புடவைத் துண்டைக் காட்டி அதுதான் வேண்டும் என்று கேட்டாராம். முதலாளிக்கு அன்றைக்கே தலை சுற்றிவிட்டது.

"புதுசுன்னா மூஞ்ச சுளிக்கறாங்க சகுந்தலா, பழசுன்னா கண்ணு விரியுது. நமக்கு இன்னா போச்சு? குடுப்போம்" என்றார்.

செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் பிடித்து மெஷின் போட்டார். நான் கட்டிங் மாஸ்டர். எங்கள் சரக்கு பேட்ச் ஒர்க் போர்வை, தோள்பை, மெத்தை விரிப்பு. வாங்குகிறவர்கள் எல்லாம் ஆசிரமத்துப் பக்கம் மாதக்கணக்கில் ரூம் எடுத்துத் தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள். நம்மூர் ஆட்கள் ஷெட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இத்த காசு குடுத்து வேற வாங்கறாங்களா?" என்று சிரித்துக்கொண்டே போவார்கள்.

துணி கொண்டுவருபவர் ஏழுமலை. சைக்கிள் கேரியரில் எவர்சில்வர் பாத்திரக் கூடையைக் கட்டிக்கொண்டு, பழைய துணிக்குப் பாத்திரம் என்று கூவியபடி கிராமம் கிராமமாகப் போவார். மூட்டை வந்து இறங்கியதும் வெந்நீரில் சோடா உப்புப் போட்டு ஊறவைத்து, அலசி, காயப்போட வேண்டும். கார்த்திகை மாதம் மழையும் தீபக் கூட்டமும் சேர்ந்து வரும்போது ரோட்டுப் பக்கம் ஒரு கொடி கட்ட முடியாது. ஷெட்டுக்குள்ளேயே ஈரத்துணி தொங்கும். அதற்கடியில் குனிந்து குனிந்து நடந்தே என் இடுப்பு போனது. துணித் தூசி மூக்கில் ஏறி வந்த இருமல் இன்றைக்கும் விட்டபாடில்லை.

ஒரு துணி முதலில் எங்கே சாகும் என்று பார்க்கத் தெரிந்தால்தான் இந்த வேலை. புடவை இடுப்பில் சொருகும் இடத்திலும், தோளில் பின் குத்தும் இடத்திலும் சாகும். கொசுவத்தின் அடி விளிம்பு தரையில் இழுபட்டுத் தேயும். சட்டை காலரில் போகும். அதைப் பிரித்து, திருப்பிப் போட்டுத் தைத்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். பேன்ட் உட்காரும் இடத்தில் போகும். முட்டிக்குக் கீழே இருப்பதை வெட்டி அடியைத் தைத்தால் காய்கறிப் பை. லுங்கி தலையணை உறைக்கு. பாலியஸ்டர் புடவை தண்ணீரை இழுக்காது, அதனால் தரை துடைக்கக்கூட உதவாது. நீளமாகக் கிழித்து முறுக்கினால் மாடு கட்டக் கயிறு, பின்னினால் கால்மிதி. பனியன் மெக்கானிக் ஷாப்புக்குக் கை துடைக்கப் போகும். எதற்குமே ஆகாததை மெத்தைக்குள் திணித்துவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள்?

பேட்ச் ஒர்க்குக்கு மட்டும் நைந்த நூல் புடவைதான் வேண்டும். அட்டையை வைத்து ஜாண் அகலக் கட்டங்களாக வெட்டுவேன். பார்டரைத் தனியாக உருவிப் பைகளின் பிடிக்கு வைத்துவிடுவேன்.

பிறந்த குழந்தை விஷயத்தில் எல்லா வீட்டிலும் ஒரே சட்டம்தான். புதுத்துணி ஆகாது. கட்டிக் கட்டி நைந்த நூல் புடவையில்தான் குழந்தையை ஏந்துவார்கள். தூளியும் அதில்தான். புதுத்துணியின் மொடமொடப்பு பச்சை உடம்பை அறுத்துவிடும். செல்விக்கும் அந்தப் புடவை அதற்காகத்தான் வேண்டியிருந்தது.

3. மத்தியானம் மாமியார் வந்தார்

"எங்கம்மா உசுரோட இருக்கசொல்ல எங் கைல குடுத்த பொடவக்கா" என்றாள் செல்வி, மூட்டைமேல் உட்கார்ந்தபடியே. "உம் புள்ளைய இதுல ஏந்து, இதுலயே தூளி கட்டுன்னாங்க. ரெண்டு தபா தங்கல. இந்தத் தபாதான் இவ்ளோ தூரம் வந்துக்கீது. மத்தவங்களாட்டம் தாய் வீட்டுக்குப் போயி பெத்துக்க எனக்கு யாருக்கீறாங்க? அந்தப் பொடவதான்க்கா எனக்கு தாய் வீடு."

அவள் ஆஸ்பத்திரிக்கு செக்கப்புக்குப் போயிருந்தபோது மாமியார் அதை எடுத்து ஏழுமலையிடம் போட்டு, ஒரு தூக்குப் பாத்திரம் வாங்கிவிட்டாராம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு எவர்சில்வர் தூக்குக்கு ஆசைப்பட்டு இப்படியும் ஒரு பொம்பளை செய்வாளா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

வெட்டிய மஞ்சள் கட்டங்களை மேஜைமேல் கொட்டிக் காட்டினேன். வேறு வழியில்லை. ஒரு வெள்ளைக்கார அம்மா மஞ்சளாகவே போர்வைகள் கேட்டிருந்தார். அதற்காக ஏழுமலையிடம் சொல்லி மஞ்சள் புடவைகளாகப் பொறுக்கி வைத்திருந்தோம். எல்லாம் ஒன்றாகச் சோடாவில் ஊறி, ஒன்றாகக் காய்ந்து, ஒன்றாகக் கட்டமானவை.

செல்வி ஒவ்வொரு கட்டமாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். மூக்கில் வைத்து மோந்தாள். சோடா வாசனைதான் அடித்திருக்கும். கொஞ்ச நேரத்தில் கட்டங்களை மேஜையிலேயே போட்டுவிட்டாள்.

"எது எங்கம்மாதுன்னு தெர்லியேக்கா" என்று சொல்லி ஓவென்று அழுதாள். மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. அந்த ஷெட்டில் எத்தனையோ வீட்டுப் புடவைகளை வெட்டியிருக்கிறேன். அவை யாருடையவை என்று அதுவரை ஒருதரம்கூட யோசித்ததில்லை. அன்றைக்கு அந்த மேஜையைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

முதலாளி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இன்னாம்மா இது பேஜாரா இருக்குது? அந்த வெள்ளக்கார அம்மா ஊருக்குக் கெளம்பறாங்க. போர்வ ரெடியாகணும். வேற ஒரு மஞ்சப் பொடவயக் குடுத்து அனுப்பிடு."

"அது வேற பொடவைக்கு வர்ல சார்."

"அப்ப இங்கியே பிரசவம் பாத்துடலாமா?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. தலைவலி வந்தால் அப்படித்தான் பேசுவார்.

வெயில் ஏறிய நேரத்தில் மாமியார் வந்து சேர்ந்தார். பெயர் பூங்காவனம். ஒல்லியாக, நெட்டையாக, பச்சைக் கட்டம் போட்ட பழைய கைத்தறிப் புடவையில் இருந்தார். கையில் ஒரு தூக்கு. பளபளவென்று புதுசு. எந்தத் தூக்கு என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எழுந்திரு. கஞ்சி எடுத்தாந்துக்கீறேன். குடிச்சிட்டு வூட்டுக்கு வா."

"அந்தத் தூக்குல இருக்கறத நான் தொட மாட்டேன்" என்றாள் செல்வி.

நான் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தேன். "வயித்துப் புள்ளக்காரி காலைலருந்து பட்டினி கெடக்கறா. ஒரு பாத்திரத்துக்குப் போயி அவ பொடவயத் தூக்கிப் போடலாமா நீங்க?"

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"பாத்திரத்துக்காப் போட்டேன்? என் வூட்ல பாத்திரம் இல்லியா? அது செத்தவ பொடவம்மா. செத்தவங்க துணிய நாங்க வூட்ல வெக்கறதில்ல. இவ அதத் தலமாட்டுல வெச்சிக்கினு படுக்கறா. ரெண்டு புள்ள போச்சி. மொத தபாவும் அது தலமாட்டுல இருந்திச்சி, ரெண்டாவது தபாவும் இருந்திச்சி. நான் எத்தன நாளு பாத்துக்கினு இருப்பேன்? இதுவாவது நிக்கட்டும்னுதான் போட்டேன்." தூக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "இவ என்னத் திட்டட்டும். புள்ள நிக்கணும்."

செல்வி மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். இதை அதற்கு முன் அந்த அம்மா அவளிடம் சொன்னதில்லை போலிருக்கிறது. வீட்டில் சண்டை மட்டும்தான் போட்டிருப்பார்கள். ஒருத்தி பிள்ளைக்காகப் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், மற்றவள் அதே பிள்ளைக்காக அதைத் தூக்கிப் போட்டிருந்தாள். நடுவில் கத்திரி வைத்தது நான்.

4. தூக்கின் காதில் கட்டிய நூல்

கஞ்சித் தூக்கை வாங்கி மேஜைமேல் வைத்தபோதுதான் அதைப் பார்த்தேன். கைப்பிடி மாட்டியிருக்கும் காதில் ஒரு நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் பழைய துணியை வீட்டை விட்டு அனுப்பும்போது ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக்கொள்வது வழக்கம். துணியோடு வீட்டு லட்சுமியும் கிளம்பிப் போய்விடக் கூடாதாம். உருவிய நூலை சிலர் மஞ்சள் டப்பாவில் போடுவார்கள், சிலர் துணிக்கு மாற்றாக வந்த பொருளிலேயே கட்டிவிடுவார்கள். பூங்காவனம்மா இரண்டாவது ரகம்.

"இது அந்தப் பொடவ நூலா?" என்று கேட்டேன்.

"ஆமா. உருவாம குடுப்பாங்களா?"

செத்தவள் புடவை வீட்டில் இருக்கக் கூடாது என்று அனுப்பியவர், அதன் நூலை மட்டும் கைப்பழக்கத்தில் வீட்டிலேயே கட்டி வைத்திருந்தார். அவரிடம் அதைச் சுட்டிக்காட்ட எனக்கு மனசு வரவில்லை. முடிச்சை மெதுவாக அவிழ்த்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் விரலில் வைத்து முறுக்கைப் பிரித்துப் பார்த்தேன். ஒரே நூல் இல்லை, இரண்டு. ஒரு மஞ்சள் இழையும் ஒரு சிவப்பு இழையும் சேர்த்து முறுக்கியது. அதனால்தான் அந்தப் புடவைக்கு மாம்பழ நிறம். மற்ற மஞ்சள் புடவைகள் எல்லாம் ஒற்றை நிற நூலில் நெய்தவை. தூரத்தில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. வெட்டிய ஓரத்தில் குறுக்கே ஓடும் நூல் ஒன்றை உருவி, முறுக்கைப் பிரித்தால் தெரிந்துவிடும்.

நான் ஒரு கட்டத்தை எடுத்து உருவினேன். வெறும் மஞ்சள். அடுத்தது, மஞ்சள். அதற்கடுத்ததில் முறுக்கைப் பிரித்ததும் சிவப்பு இழை தனியே சுருண்டு நின்றது.

"இந்தா, இது உங்கம்மாது" என்று செல்வி கையில் வைத்தேன். அவள் அதைக் கன்னத்தில் ஒத்திக்கொண்டாள். பிறகு அவளே தூக்கை இழுத்துக் கஞ்சியைக் குடித்தாள். பூங்காவனம்மா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு மறுபக்கம் வந்து நின்று தானும் நூல் உருவத் தொடங்கினார்.

மெஷின் போடும் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மேஜையில் இருந்த கட்டங்கள் தீர்ந்ததும், தைத்து முடித்த போர்வைகளைப் பார்த்தோம். அவற்றிலும் இருந்தன. முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

"பிரிச்சே ஆவணுமா?"

"ஆவணும் சார்."

"ரெண்டு பொம்பளைங்க வயித்தெரிச்சலக் கொட்டிக்கினு என்னால யாவாரம் பண்ண முடியாது. பிரிங்க. அந்த வெள்ளக்கார அம்மா கிட்ட நான் பேசிக்கறேன்." என்ன பேசினாரோ தெரியாது. போர்வை தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது, மாம்பழ நிறம் இல்லாமல்.

பிளேடை வைத்துத் தையல் பிரிப்பது தைப்பதைவிடக் கொடுமை. நைந்த துணியில் பிளேடு கொஞ்சம் தவறினாலும் கிழித்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்தோம். எல்லாம் கிடைக்கவில்லை. ரெண்டு நாள் முன்னால் வேறு ஒருவர் பார்த்துப் பிடித்துப்போய் வாங்கிப்போன ஒரு போர்வையோடு சில கட்டங்கள் எந்த நாட்டுக்கோ போய்விட்டிருந்தன.

5. எடை தாங்குகிற துணி

கிடைத்ததை அடுக்கி வைத்ததும் செல்விக்கு முகம் தெளிந்துவிட்டது. "இதயெல்லாம் சேத்துத் தச்சி தூளிக்குக் குடுத்துடுங்கக்கா."

அங்கேதான் நான் மறுபடியும் கெட்டவளாக வேண்டியிருந்தது. முழுப் புடவை என்றால் எடையை நீளம் முழுவதும் பகிர்ந்துகொள்ளும். ஒட்டுப்போட்ட துணியில் அத்தனை எடையும் தையலில் விழும். நூல் தாங்கினாலும் தையலின் ஓரத்தில் நைந்த துணி விட்டுக்கொடுக்கும். தூங்குகிற குழந்தையை அதை நம்பிப் போட முடியாது.

"தூளிக்கு ஆகாதும்மா. கிழிஞ்சுடும். வேணும்னா சின்னதா ஒரு மெத்தை தச்சித் தரேன்."

"இல்லக்கா, தூளிதான். எங்கம்மா தூளின்னுதான் சொன்னாங்க."

அவள் மறுபடியும் மூட்டைப் பக்கம் திரும்பினாள். எனக்கு அலுப்பில் கண் இருட்டியது. காலையிலிருந்து நின்ற இடுப்பு கெஞ்சிக்கொண்டிருந்தது.

பூங்காவனம்மா கொஞ்ச நேரம் அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தான் கட்டியிருந்த புடவையின் முந்தானையை இழுத்து என் கையில் கொடுத்தார்.

"இது தாங்குமா பாரு."

இழுத்துப் பார்த்தேன். நெருக்கமான நெசவு. கட்டிக் கட்டி மெத்தென்று ஆகியிருந்தது, ஆனால் இழை ஒன்றுகூட விடவில்லை.

"தாங்கும்."

"அப்ப இது அடில இருக்கட்டும். அவங்கம்மாது மேல இருக்கட்டும்." பிறகு, யாருக்குப் பதில் சொல்கிறாரோ தெரியவில்லை, "நான் உசுரோட இருக்கேன் இல்ல? என் பொடவ கீழ இருந்தா ஒண்ணும் ஆவாது" என்றார்.

அந்த யோசனை எனக்கு வந்திருக்க வேண்டியது. வரவில்லை. ஊக்கு போட்டு அளவு பார்த்ததும் புரிந்தது, இதைவிட நல்ல வழி கிடையாது. எடை முழுவதையும் அடியில் இருக்கும் முழுப் புடவை தாங்கிக்கொள்ளும். குழந்தையின் உடம்பு படுவது மேலே இருக்கும் மாம்பழத் துண்டுகளில்.

மறுநாள் பூங்காவனம்மா வேறு புடவை கட்டிக்கொண்டு, பச்சைக் கட்டத்தைத் துவைத்து எடுத்துவந்தார். அதன் நடுப்பகுதியில், குழந்தை படுக்கும் நீளத்துக்கு மட்டும் துண்டுகளைப் பரப்பினேன். மெஷினில் போடவில்லை. மெஷின் தையல் விறைப்பாக நிற்கும். ஓரங்களை மடித்து, கையாலேயே ஓட்டுத்தையல் போட்டு, முடிச்செல்லாம் அடிப்பக்கம் வரும்படி பார்த்துக்கொண்டேன். செல்வியும் மாமியாரும் ஆளுக்கொரு பக்கம் ஊசி பிடித்தார்கள். பேச்சு அதிகம் இல்லை. "நூலக் கொஞ்சம் தளத்திப் போடு" என்று ஒருத்தி சொல்ல, "சரி அத்த" என்று மற்றவள் சொன்னதோடு சரி.

நடுவில் ஒரு கட்டத்துக்குத் துணி பற்றவில்லை. வேறு மஞ்சளை வைக்கவா என்று கேட்டேன். "வேணாம்க்கா, அப்டியே இருக்கட்டும்" என்றாள் செல்வி. அந்த இடத்தில் மட்டும் பச்சை தெரிந்தது.

பெண் குழந்தை பிறந்தது. நின்றது. ஏழுமலைதான் வந்து சொன்னார். கேட்டதும் நான் கத்திரியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம்தான். ஆனால் அத்தனை நாளும் எவ்வளவு பயந்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உடம்புக்குத் தெரிந்தது.

6. ஒரு பௌர்ணமி

அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். உள்ளே வரும் புடவையைத் துவைத்து, மடித்து, ஒரு பௌர்ணமி தாண்டும்வரை கத்திரி வைப்பதில்லை. கிரிவலம் சுற்ற எல்லாக் கிராமத்திலிருந்தும் ஜனங்கள் டவுனுக்கு வருவார்கள். யாராவது தேடிக்கொண்டு வருவதாக இருந்தால் அன்றைக்கு வந்துவிடட்டும்.

"மூட்டைய வெச்சிக்கினு பூஜ பண்றியா?" என்று முதலாளி கத்துவார். கத்திவிட்டு, பௌர்ணமி அன்று ஷெட் கதவைத் தானே திறந்து வைப்பார். ஒன்றிரண்டு பேர் வரத்தான் செய்தார்கள். பெரும்பாலும் ஒருவரும் வர மாட்டார்கள். மறுநாள் வெட்டுவேன்.

வருஷங்கள் ஓடின. பெரிய கம்பெனிகள் புதுத்துணியையே பழசு மாதிரி சாயம் போக்கி விற்க ஆரம்பித்தன. எங்கள் ஷெட்டில் மெஷின்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசியில் முதலாளி ஷெட்டை லாட்ஜுக்காரரிடமே விட்டுவிட்டார். நான் வீட்டிலேயே ஒரு மெஷினைப் போட்டு ஆல்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியின் பவர் ஏறிக்கொண்டே போனது.

ஒருநாள் செல்வி வந்தாள். கொஞ்சம் பெருத்திருந்தாள். கையில் ஒரு துணிப்பை. உள்ளே இருந்து எடுத்து மேஜைமேல் விரித்தாள். தூளி.

மூன்று பிள்ளைகள் அதில் வளர்ந்திருந்தார்கள். மாம்பழத் துண்டுகள் நைந்து சல்லடையாகிக் கிடந்தன. நடுவில் பச்சை தெரிந்த கட்டம் மட்டும் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது.

"மூணும் அந்தப் பச்சைய விரலால தடவிக்கினுதான் தூங்கும்க்கா" என்று சிரித்தாள்.

நான் பழக்க தோஷத்தில் ஓரத்தை இழுத்துப் பார்த்தேன். "மேல இருக்கறது முடிஞ்சு போச்சு. அடித்துணி நல்லா இருக்குது. கட் பண்ணி ரெண்டு தலகாணி உற போடலாம். புள்ளைங்க ஸ்கூலுக்குப் பை வேணும்னா..."

"கட் பண்ண வேணாம்க்கா. மேல இருக்கற துண்டயெல்லாம் பிரிச்சிட்டு, எங்க அத்தை பொடவய மட்டும் முழுசா எடுத்துக் குடுங்க."

பூங்காவனம்மா இறந்து போயிருந்தார். வழக்கப்படி அவர் துணிமணி எல்லாவற்றையும் வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். தூளிக்கு அடியில் இருந்தது மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

"செத்தவங்க துணிய வூட்ல வெக்கக் கூடாதுன்னு சொன்னவங்களாச்சே அவங்க" என்றேன்.

"இத எனக்குக் குடுக்கசொல்ல உசுரோடதானக்கா இருந்தாங்க."

பிளேடை எடுத்தேன். நான் போட்ட தையல் எது, அந்த அம்மா போட்டது எது என்று பார்த்ததும் தெரிந்தது. அவர் தையலைப் பெரிசு பெரிசாகப் போட்டிருந்தார். பிரிக்கப் பிரிக்க மாம்பழத் துண்டுகள் கையிலேயே பொடிந்தன. நான் தயங்கினேன்.

"இது உங்கம்மாது..."

"போவட்டும்க்கா. அது வேலைய அது பாத்துருச்சி."

பிரித்து முடித்துப் புடவையை உதறினோம். மற்ற இடமெல்லாம் வெளிறிப்போயிருந்தது. துண்டுகள் மூடியிருந்த இடங்களில் மட்டும் பச்சை அப்படியே இருந்தது, அன்று அந்த அம்மா ஷெட்டுக்குள் கட்டிக்கொண்டு வந்த பச்சை. செல்வி அதை மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

"இத இன்னா பண்ணப் போற?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்க்கா. சும்மா வெச்சிருப்பேன்."

இத்தனை வருஷம் பழைய துணியோடு கிடந்து, அதை எப்படி எப்படியெல்லாம் மாற்றலாம் என்று கற்றுக்கொண்டேன். கேட்கிறவர்களுக்கு இன்றைக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் என்னிடம் வரும் பெண்கள் மேஜையில் பழைய புடவையைப் போட்டதும், அட்டையையும் கத்திரியையும் எடுப்பதற்கு முன் இது யாருடையது என்று கேட்டுவிடுகிறேன். சிலர் பதில் சொல்லிக்கொண்டே புடவையை மறுபடி மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள். நான் அவர்களைத் தடுப்பதில்லை.